திரையில் பார்த்த சிரிப்பை நம்பிப் பணம் கட்டலாமா?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர் கோவில்பட்டி. மகளுக்கு வயது 13, எட்டாம் வகுப்பு படிக்கிறாள். மேல்வரிசை முன்பற்கள் எத்தலாக இருக்கின்றன. கீழ்வரிசையில் பற்கள் நெருக்கியடித்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. உள்ளூர்ப் பல் மருத்துவரிடம் காட்டினோம். மாதம் ஒருமுறை அங்கு வரும் சீரமைப்பு நிபுணர் மாவு போன்ற ஒன்றை வாயில் வைத்து அச்சு எடுத்தார். குமட்டல் தாங்காமல் பெண் அழுதுவிட்டாள். நான்கு பற்களை எடுத்துவிட்டுக் கம்பி கட்ட வேண்டும், இரண்டு வருடம் ஆகும், 45,000 ரூபாய் என்றார். பிறகு உறவினர் சொல்லி மதுரையில் ஒரு பெரிய கிளினிக்குக்குப் போனோம். பேனா போன்ற ஸ்கேனரை ஐந்து நிமிடம் வாய்க்குள் ஓட்டினார்கள். முகத்தைச் சுற்றி ஓர் எக்ஸ்ரே எடுத்தார்கள். சிகிச்சை முடிந்ததும் அவள் பற்கள் எப்படி இருக்கும் என்று டி.வி.யில் காட்டினார்கள். பல் எடுக்க வேண்டாம், கம்பி வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத அலைனர் (பல்மேல் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறை) போதும், 8 மாதம், 2,40,000 ரூபாய் என்றார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததிலிருந்து மகள் அதையேதான் கேட்கிறாள். கணவர் சிறு கடை வைத்திருக்கிறார். நகையை அடகு வைத்தால்தான் முடியும். தொழில்நுட்பம் சிகிச்சையின் தரத்தை எவ்வளவு உயர்த்துகிறது என்று நீங்கள் ஆய்வு செய்வதாகப் படித்தேன். நவீனக் கருவி என்றால் நல்ல சிகிச்சைதானே? பணத்தைப் பார்த்துப் பழைய முறைக்குப் போனால் பெண்ணுக்குத் துரோகம் செய்தவளாகி விடுவேனா?

— ஒரு தாய், கோவில்பட்டி

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, அதில் துரோகம் எதுவும் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பல் சீரமைப்புச் சிகிச்சை செய்கிறேன், மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன், முடிந்துபோன சிகிச்சைகளை எடுத்து அளந்து பார்க்கிறேன். ஒரு சிகிச்சைக்கு என்ன விலை என்று கேட்டுவிட்டு, அதன் முடிவு எப்படி இருந்திருக்கும் என்று என்னால் ஒருநாளும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. மிக மலிவாகச் செய்த கம்பிச் சிகிச்சையில் அழகாகப் பொருந்திய பற்களைப் பார்த்திருக்கிறேன். லட்சக்கணக்கில் செலவழித்து, முன்பற்கள் மட்டும் வரிசையாகி, பின்பற்கள் ஒன்றையொன்று தொடாமல், சப்பாத்தியைக் கடிக்கத் தடுமாறியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நல்ல சிகிச்சை என்று சொல்கிறோமே, அதை எங்கே பார்ப்பது? லெபனானில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஆவேடிஸ் டொனபீடியன் என்ற மருத்துவர் 1966-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு மூன்று இடங்களைக் காட்டினார். மருத்துவமனையில் என்ன இருக்கிறது என்பது ஒன்று: கட்டடம், கருவி, ஆட்கள். அங்கே என்ன செய்கிறார்கள் என்பது இரண்டாவது: பரிசோதனை, தீர்மானம், மாதாமாதக் கவனிப்பு. கடைசியில் நோயாளிக்கு என்ன கிடைத்தது என்பது மூன்றாவது. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஆகின்றன, சிகிச்சைத் தரத்தை ஆராய்கிறவர்கள் இன்றும் இந்த மூன்றிலிருந்துதான் தொடங்குகிறோம்.

மதுரையில் உங்களுக்குக் காட்டப்பட்டது முதல் இடம் மட்டும். ஸ்கேனரும் டி.வி.யும் அங்கே இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள், இதற்கு முன் இதே போன்ற பற்களோடு வந்த பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. கோவில்பட்டியிலும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் ஆய்வில் பெரும்பகுதி அந்த மூன்றாவது இடத்தில்தான் கழிகிறது. பார்ப்பதற்கு மிகச் சாதாரணமான வேலை. சிகிச்சைக்கு முன் எடுத்த பல் மாதிரியும் முடிந்தபின் எடுத்த மாதிரியும் மேசைமேல் இருக்கும், கையில் ஒரு சிறிய பிளாஸ்டிக் அளவுகோல் இருக்கும். பிரிட்டனில் உருவாகி 1992-ல் வெளியான 'பார்' குறியீடு என்ற முறைப்படி மதிப்பெண் போடுவோம். முன்பற்களில் எவ்வளவு நெருக்கம், கடைவாய்ப் பற்கள் மேலும் கீழும் எப்படிப் பொருந்துகின்றன, மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களைத் தாண்டி எவ்வளவு முன்னே நிற்கின்றன, எவ்வளவு மூடுகின்றன, இரண்டு வரிசைகளின் நடுக்கோடுகளும் சேர்கின்றனவா என்று ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். கோணல் கூடக் கூட மதிப்பெண் கூடும். குறையே இல்லாத வரிசைக்குப் பூஜ்யம். உங்கள் மகளுக்கு இருப்பதுபோல் முன்பற்கள் எத்தி நிற்பதற்கு அந்த முறையில் மற்றவற்றைவிட அதிக எடை, ஆறு மடங்கு. ஒரு மருத்துவரிடம் சிகிச்சை பெற்றவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் மதிப்பெண் சராசரியாக 70 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்க வேண்டும். அப்போதுதான் அவருடைய வேலையை உயர்ந்த தரம் என்று ஒப்புக்கொள்வோம்.

இதில் மிக முக்கியமான விதி ஒன்று உண்டு. அளக்கிறவருக்கு அந்த மாதிரி யாருடையது, கம்பியா அலைனரா, எந்த மருத்துவர், என்ன செலவு எதுவும் தெரியக்கூடாது. தெரிந்தால் கை தானாகச் சாயும். எனக்கும் சாயும். பெயரை மறைத்து எண் மட்டும் எழுதிய மாதிரிகளை அளந்துவிட்டு, பிறகு பட்டியலைப் பிரித்து எது எந்தச் சிகிச்சை என்று பார்க்கிற நேரத்தில்தான் என் துறையைப் பற்றி நான் அதிகம் கற்றிருக்கிறேன்.

இப்போது அந்தத் திரைக்கு வருவோம். வீடு கட்டும் முன் இன்ஜினீயர் வண்ணப்படம் போட்டுக் காட்டுவார். படம் பொய் கிடையாது. ஆனால் மண் எப்படி, கொத்தனார் யார், சிமென்ட் எவ்வளவு என்பது படத்தில் இருக்காது. உங்கள் மகள் பார்த்ததும் அப்படி ஒரு படம். கணினியில் பல்லை இழுத்து எங்கே வைத்தாலும் அது அங்கே நிற்கும், ஏனென்றால் அங்கே எலும்பும் இல்லை, ஈறும் இல்லை.

அந்தப் படத்துக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தை அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2009-ல் வெளியான ஓர் ஆய்வு, இன்விசலைன் என்ற வகை அலைனர் போட்டவர்களின் முன்பற்கள் கணினித் திட்டப்படி நகர வேண்டிய அளவையும் உண்மையில் நகர்ந்த அளவையும் ஒப்பிட்டது. திட்டமிட்டதில் சராசரியாக 41 சதவீதம்தான் நிகழ்ந்திருந்தது. பிறகு பிளாஸ்டிக்கின் தரம் உயர்ந்தது, பற்களில் ஒட்டும் சிறு பிடிப்புகள் வந்தன, மென்பொருளும் மேம்பட்டது. 2020-ல் அதே போன்ற அளவீட்டை மறுபடியும் வெளியிட்டார்கள். இந்த முறை 50 சதவீதம். பதினொரு ஆண்டுகளில் முன்னேற்றம் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் சராசரியாகத் திரையில் தெரிந்ததில் பாதிதான் வாயில் நிகழ்கிறது. நேர்மையான மருத்துவர் இதை முதல் நாளே சொல்வார். திட்டத்தில் கொஞ்சம் கூடுதலாக நகர்த்தி வைப்பார், நடுவே மறுபடி ஸ்கேன் எடுத்து இரண்டாவது செட், சில சமயம் மூன்றாவது செட் அலைனர் வரவழைப்பார். அதனால்தான் 8 மாதம் என்று தொடங்குவது பலருக்கு நீண்டுகொண்டே போகிறது.

அலைனர் எதிரி இல்லை. எனக்கும் பிடித்த கருவிதான். கழற்றிவிட்டுச் சாப்பிடலாம், நன்றாகப் பல் துலக்கலாம், கன்னத்தைக் கம்பி குத்தாது. லேசான நெருக்கம், சிறிய இடைவெளி, கட்டுப்பாடான பெரியவர்கள் என்றால் நானே அதைப் பரிந்துரைக்கிறேன். எத்தலும் நெருக்கமும் சேர்ந்து இருக்கும்போது, அதுவும் பல் எடுத்து இடைவெளியை மூட வேண்டியிருக்கும்போது, பல்லை வேரோடு நிமிர்த்தி நகர்த்த வேண்டும். அங்கேதான் பிளாஸ்டிக் தடுமாறுகிறது, கம்பிக்குப் பிடி அதிகம். 2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் அலைனர் போட்ட 48 பேரையும் கம்பி கட்டிய 48 பேரையும் அங்குள்ள சீரமைப்பு வாரியத்தின் மதிப்பெண் முறையில் அளந்தார்கள். அலைனர் குழு குறைகளுக்காகச் சராசரியாக 13 மதிப்பெண் அதிகம் இழந்தது. பழைய ஆய்வு, இன்றைய அலைனருக்கு அந்த எண்ணை அப்படியே ஒட்டவைப்பது நியாயமாகாது. கடினமான பற்களில் திறமையான கையோடு சேர்ந்த கம்பியை அலைனர் வென்றுவிட்டது என்று காட்டும் ஆய்வு எதையும் நான் இதுவரை படிக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. அலைனரை நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். சாப்பிடவும் பல் துலக்கவும் மட்டுமே கழற்றலாம். 13 வயதுப் பிள்ளை பள்ளியில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது கழற்றிக் காகிதத்தில் மடித்து வைப்பாள், மணி அடித்ததும் மறந்து ஓடுவாள், காகிதம் குப்பைக்குப் போகும். பொறுப்பான பெண்ணாகவே இருக்கலாம். உங்களுக்குத்தான் அவளைத் தெரியும். கண்ணாடியை, குடையை, ஜியாமெட்ரி பாக்ஸை அவள் எப்படி வைத்துக்கொள்கிறாள் என்று யோசித்துப் பாருங்கள்.

மதுரையில் சொன்ன எட்டு மாதம் சாத்தியமா என்பதையும் பார்ப்போம். நீங்கள் வர்ணித்த பற்களை வைத்துப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை இல்லை. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நார்ச்சவ்வு இருக்கிறது. பல்லைத் தள்ளினால் அந்தச் சவ்வு ஒரு பக்கம் அழுந்தும், மறுபக்கம் இழுபடும். அழுந்திய பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வேலை செய்யும், இழுபட்ட பக்கத்தில் எலும்பு புதிதாக வளரும். சுவீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட் 1904-ல் நாய்களின் பற்களை நகர்த்தி, நுண்ணோக்கியில் இதைப் பார்த்து எழுதினார். அதிகம் அழுத்தினால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் நின்று திசு செத்துப்போய், பல் நகராமல் முரண்டு பிடிக்கும் என்பதையும் அவரே கண்டார். அந்த உயிர்வேலைக்கு என்று ஒரு நடை இருக்கிறது. இடைவெளியை மூடும்போது மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். தள்ளுவது இரும்புக் கம்பியா பிளாஸ்டிக்கா என்பது எலும்புக்குத் தெரியாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வெளியான கணக்கின்படி, கம்பிச் சிகிச்சை சராசரியாக 19.9 மாதம் எடுக்கிறது. அதில் எளிய கேஸ்களும் உண்டு. கோவில்பட்டி மருத்துவர் இரண்டு வருடம் என்று சொன்னது உங்களைக் காக்க வைக்க அல்ல.

இந்த வேகம் என்ற சொல் என்னையும் ஒரு காலத்தில் ஏமாற்றியது. தொழிலுக்கு வந்த புதிதில், தானாகக் கம்பியைப் பூட்டிக்கொள்ளும் ஒருவகை பிராக்கெட் (கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சிறு பிடி) வந்தது. உராய்வு குறைவு, அதனால் பல மாதம் முன்னதாகவே சிகிச்சை முடியும் என்றார்கள். விற்றவர்கள் காட்டிய படங்களை நம்பினேன். கூடுதல் பணம் வாங்கி என்னிடம் வந்த பிள்ளைகளுக்குப் போட்டேன். பெற்றோரிடம் சீக்கிரம் முடிந்துவிடும் என்று என் வாயால் சொன்னேன். முடியவில்லை. சாதாரண பிராக்கெட் போட்ட பிள்ளைகளும் அவர்களும் ஒரே சமயத்தில்தான் முடித்தார்கள். 2010-ல் ஆய்வுத் தொகுப்புகள் வெளியானபோது அதுவே எண்ணாக வந்தது: சிகிச்சைக் காலம் குறையவில்லை, நாற்காலியில் உட்காரும் நேரம் மட்டும் கொஞ்சம் மிச்சம். அந்தக் குடும்பங்களில் ஒன்று நெல் விற்ற பணத்தைக் கொண்டுவந்து தந்திருந்தது. அந்தத் தொகுப்பைப் படித்த இரவு எனக்கு அவர்கள் முகம்தான் ஞாபகம் வந்தது. தொழில்நுட்பத்தை அளக்க வேண்டும் என்று நான் ஆய்வுக்குள் போனதற்கு அதுதான் காரணம்.

அதற்குப் பிறகும் வேகம் விற்பனைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. தினம் சில நிமிடம் கடித்துக்கொண்டால் அதிர்வினால் பல் விரைவாக நகரும் என்று ஒரு கருவி வந்தது. பிரிட்டனில் 81 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு உண்மையான கருவி, ஒரு பகுதியினருக்கு அதிராத போலிக் கருவி, மற்றவர்களுக்குக் கம்பி மட்டும். 2015-ல் வெளியான முடிவு: மூன்று பிரிவுக்கும் பற்கள் சீராகும் வேகத்தில் வித்தியாசம் இல்லை.

ஆய்வில் நிரூபிக்கப்பட்டது என்று கிளினிக்கில் தாள் நீட்டினால் இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். எந்த நோயாளிக்கு எந்தக் கருவி என்று குலுக்கல் போல் பிரித்தார்களா, அல்லது நன்றாக முடிந்தவர்களின் படங்களை மட்டும் பொறுக்கிப் போட்டார்களா? ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார்? பாதியில் நின்றுபோனவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டாலே எந்தக் கருவியும் பிரமாதமாகத் தெரியும்.

உண்மையிலேயே தரத்தை உயர்த்திய கருவிகளும் உண்டு. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடம் ஒன்றில் உருவான நிக்கல்–டைட்டானியம் உலோகக் கலவை 1970-களில் எங்கள் துறைக்கு வந்தது. வளைத்துவிட்டாலும் மெதுவாகத் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும் கம்பி அது. மென்மையான விசையை வாரக்கணக்கில் தரும். அதற்கு முன் எஃகுக் கம்பியை முறுக்கியபோது பிள்ளைகள் பட்ட வலியை மூத்த ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்று சிறிய ஊர் மருத்துவர்கூட அதைத்தான் போடுகிறார். உங்கள் மகளுக்குக் கோவில்பட்டியில் கட்டப்போகும் கம்பியும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். பழைய முறை என்று நீங்கள் எழுதியதில் இத்தனை புதுமை இருக்கிறது. கோரைப்பல் ஈறுக்கு மேலே எலும்புக்குள் சிக்கியிருந்தால் முப்பரிமாண எக்ஸ்ரே பெரிய வரம். பல் எந்தத் திசையில் படுத்திருக்கிறது, பக்கத்து வேரை அரிக்கிறதா என்று தெளிவாகத் தெரியும். ஆனால் வருகிற எல்லாக் குழந்தைக்கும் அதை எடுப்பது தவறு. சாதாரண எக்ஸ்ரேயைவிடக் கதிர்வீச்சு அதிகம். ஸ்கேனர் குமட்டல் இல்லாமல் அளவெடுக்கும், பல வருடம் கழித்தும் கணினியில் பத்திரமாக இருக்கும். அதற்கு நான் மதிப்புத் தருகிறேன். ஸ்கேனர் எடுத்த அளவை வைத்து யார் என்ன தீர்மானிக்கிறார் என்பதுதான் அடுத்த கேள்வி.

அந்தத் தீர்மானத்தில்தான் உங்கள் கடிதம் என்னை நிறுத்தியது. இரண்டு இடங்களிலும் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. முகத்தைச் சுற்றி எடுத்த படத்தில் பற்களின் எண்ணிக்கையும் வேரும் தெரியும். தலையை ஒரு பிடியில் நிறுத்திப் பக்கவாட்டில் எடுக்கும் படத்தில்தான் தாடைகள் ஒன்றுக்கொன்று எங்கே இருக்கின்றன என்பது தெரியும். 1931-ல் அமெரிக்காவில் பிராட்பென்ட்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தனித்தனியே அறிமுகப்படுத்திய முறை. தொண்ணூறு வயதைத் தாண்டிய அந்தப் படம், உங்கள் மகள் விஷயத்தில் எந்தப் புதிய கருவியையும்விட அதிகம் சொல்லும் என்று நினைக்கிறேன்.

ஏன் என்றால், மேல் முன்பற்கள் எத்தியிருப்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். பற்களே முன்னே சாய்ந்திருக்கலாம். அல்லது பற்கள் ஓரளவு சரியாக இருந்து, கீழ்த்தாடை பின்தங்கி இருக்கலாம். இரண்டாவதாக இருந்தால், வளர்ச்சி மிச்சம் இருக்கும்போதே கீழ்த்தாடையை முன்னே வைத்துக் கடிக்கச் செய்யும் கருவியைச் சில மாதம் போட்டுவிட்டு, பிறகு கம்பிக்குப் போவது நல்ல வழி. ஸ்காட்லாந்தில் வில்லியம் கிளார்க் உருவாக்கிய ட்வின் பிளாக் அப்படி ஒன்று. விலையும் அதிகம் இல்லை. அதற்கான காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு வேகமான வளர்ச்சி பூப்பெய்துவதற்குச் சற்று முன்பே உச்சத்தைத் தொட்டுவிடும், பிறகு குறையத் தொடங்கும். உங்கள் மகள் வயதுக்கு வந்துவிட்டாளா, எவ்வளவு நாளாயிற்று, கடந்த ஆறு மாதத்தில் எவ்வளவு உயர்ந்தாள் என்று இரண்டு மருத்துவரில் யாராவது கேட்டார்களா? கேட்காமல் திட்டம் போட்டிருந்தால், அந்தத் திட்டம் திரையில் வந்தாலும் தாளில் வந்தாலும் அரைகுறைதான். அலைனருக்கும் கம்பிக்கும் நடுவே நீங்கள் தவித்துக்கொண்டிருக்கும்போது இந்த முக்கியமான கேள்வி கேட்கப்படாமலே போய்விடக் கூடாது.

இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவு அந்தப் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் புள்ளிகளைத் தானே குறித்துக் கோணங்களைக் கணக்கிட்டுத் தருகிறது. நானும் பயன்படுத்துகிறேன், நேரம் மிச்சமாகிறது. புள்ளி இரண்டு மில்லிமீட்டருக்குள் விழுந்தால் போதும் என்பது ஆய்வுகளில் வழக்கமாக ஒப்புக்கொள்ளும் எல்லை. அந்த இரண்டு மில்லிமீட்டரிலேயே தீர்மானம் மாறக்கூடிய பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால் ஒவ்வொரு புள்ளியையும் கண்ணால் சரிபார்த்த பிறகே ஏற்கிறேன்.

பல் எடுப்பது பற்றி. நேரில் பார்க்காமல் எடு என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்ல மாட்டேன். பல் எடுக்காமல் செய்வது நவீனம், எடுத்துச் செய்வது பழமை என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். எங்கள் துறையின் தந்தையாகக் கருதப்படும் எட்வர்ட் ஆங்கிள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே பல் எடுக்கவே கூடாது என்று வாதாடினார். அவருடைய மாணவர் சார்லஸ் ட்வீட், தாமே அப்படிச் சிகிச்சை செய்தவர்களின் பற்கள் மீண்டும் முன்னே தள்ளி வந்ததைப் பார்த்து, பல் எடுத்து மறுபடியும் சீரமைத்துக் காட்டினார். எட்டுப் பேர் உட்காரும் பெஞ்சில் பத்துப் பேர் இருந்தால், இருவரை எழுப்ப வேண்டும், இல்லையென்றால் பெஞ்சை நீட்ட வேண்டும், அல்லது எல்லோரும் விளிம்புக்கு வந்து தொங்க வேண்டும். எடுக்காமலே செய்கிறேன் என்கிறவரிடம், நெருக்கத்தைத் தீர்க்க இடம் எங்கிருந்து வரும், முன்பற்கள் இன்னும் முன்னே போகாதா என்று கேளுங்கள். எடுக்க வேண்டும் என்கிறவரிடம், எடுத்தால் உதடும் முகமும் எப்படி மாறும் என்று கேளுங்கள். இரண்டு பேருமே பக்கவாட்டு எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும்.

அதோடு இன்னும் சிலவற்றைக் கேளுங்கள், தயங்க வேண்டாம். சிகிச்சை தருகிறவர் பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். என்ற முதுநிலைப் பட்டம் படித்தவரா? முதல் நாள் பார்த்தவரே ஒவ்வொரு மாதமும் பார்ப்பாரா? மதுரையில், திட்டம் போடுவது எதிரே உட்கார்ந்திருக்கும் மருத்துவரா, வேறெங்கோ கணினி முன் இருக்கும் ஊழியரா, அந்தத் திட்டத்தை மருத்துவர் எத்தனை முறை திருத்தினார்? இரண்டாவது செட்டுக்குத் தனிப்பணமா? இதே போல் எத்தலோடு வந்து முடித்துப்போன பிள்ளைகளின் முதல் மாதிரியையும் கடைசி மாதிரியையும், பெயரை மறைத்து, காட்ட முடியுமா? சிரித்த முகப் படங்கள் வேண்டாம். பின்பற்களைக் கடித்தபடி பக்கவாட்டில் எடுத்தவை வேண்டும். கோவில்பட்டியில், நிபுணர் வராத நாட்களில் பிராக்கெட் கழன்றால், கம்பி குத்தினால் யார் பார்ப்பார்கள்? ஒருவேளை அவர் வருவது நின்றால் யார் பொறுப்பு? எந்த இடமானாலும் மாதிரி, எக்ஸ்ரே, திட்டம் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் உங்கள் கையில் இருக்கட்டும். தபாலில் அலைனர் அனுப்பிய ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற பெரிய அமெரிக்க நிறுவனம் 2023 டிசம்பரில் திடீரென்று மூடியபோது, பாதிச் சிகிச்சையில் நின்றவர்கள் அடுத்து யாரிடம் போவது என்று தெரியாமல் தவித்தார்கள்.

சிகிச்சை முடிந்தபின் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்து வைக்கும் ரிடெய்னர் பற்றி இரண்டு இடத்திலும் ஒரு வார்த்தையும் சொன்னதாகத் தெரியவில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முன்கடைவாய்ப் பல் எடுத்துச் சீரமைத்த 65 பேரை, ரிடெய்னரை நிறுத்திப் பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தார்கள். 1981-ல் வெளியான அந்த ஆய்வில், கீழ் முன்பற்கள் திருப்தியாக நின்றது 30 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே. பல் எடுக்காதவர்களும் இதற்கு விலக்கு இல்லை. ஆகவே கம்பி கழற்றும் நாள் சிகிச்சையின் கடைசி நாள் அல்ல. எத்தனை வருடம் போட வேண்டும், உடைந்தால் புதியதற்கு என்ன செலவு, வருடம் ஒருமுறை பார்ப்பாரா என்பதை இப்போதே பேசிவிடுங்கள். நகை அடகு வைக்கும் முன் இந்தச் செலவும் கணக்கில் வர வேண்டும்.

பணம் பெரிய பாரமாக இருந்தால் பல் மருத்துவக் கல்லூரிகளை மறக்க வேண்டாம். சென்னையில் அரசுக் கல்லூரி இருக்கிறது, மதுரைப் பக்கத்திலேயே தனியார் கல்லூரிகள் இருக்கின்றன. முதுநிலை மாணவர் செய்வார், பேராசிரியர் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்துக் கையெழுத்திடுவார். நேரம் அதிகம் எடுக்கும், வரிசையில் காத்திருக்க வேண்டும், செலவு குறைவு. அதோடு, முடிந்த மாதிரியைத் தேர்வில் மேசைமேல் வைத்துப் பதில் சொல்ல வேண்டிய மாணவருக்கு உங்கள் மகளின் பற்கள் எப்படி முடிகின்றன என்பதில் அக்கறை இருக்கும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், இந்த வாரம் எங்கும் பணம் கட்ட மாட்டேன். உள்ளூர் மருத்துவரிடமே மகளுக்குப் பல் சுத்தம் செய்துவிட்டு, ஒரு மாதம் அவள் எப்படித் துலக்குகிறாள் என்று பார்ப்பேன். ஈறு ரத்தம் கசியும் வாயில் கம்பி கட்டினால், இரண்டு வருடம் கழித்துக் கழற்றும்போது பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைத் தழும்பு நிற்கும், அதை எந்த ஸ்கேனரும் அழிக்காது. அந்த மாதத்துக்குள் பக்கவாட்டு எக்ஸ்ரேயை எடுத்து, கோவில்பட்டிக்கு வரும் நிபுணரிடமும் மதுரையிலும் மேலே சொன்ன கேள்விகளைக் கேட்பேன். யார் பொறுமையாக, படத்தைக் காட்டி, எனக்குப் பிடிக்காத பதிலையும் மறைக்காமல் சொல்கிறாரோ அவரிடம் மகளை ஒப்படைப்பேன்.

மகளிடமும் பேசுங்கள். அவள் ஆசைப்பட்டது அந்தச் சிரிப்புக்கு. அலைனர் வழியாகத்தான் அது வரும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பள்ளியில் கம்பியைப் பார்த்துக் கேலி செய்வார்களோ என்ற பயம் இருந்தால் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல் நிறத்திலேயே பிராக்கெட் இருக்கிறது, கொஞ்சம்தான் விலை கூடும். கோவில்பட்டியில் மறுபடி அச்சு எடுக்க நேர்ந்தால், முந்தைய மூன்று மணி நேரம் வயிற்றுக்கு எதுவும் கொடுக்காதீர்கள். நாற்காலியைச் சாய்க்காமல் நேராக உட்கார வைக்கச் சொல்லுங்கள். கீழ்வரிசையை முதலில் எடுக்கட்டும். மேல்வரிசைக்குத் தலையைச் சற்றுக் குனிந்து, மூக்கால் மூச்சுவிட்டபடி, ஒரு காலைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கவனம் காலுக்குப் போய்விடும், என்னிடம் வரும் பிள்ளைகளில் பலருக்கு அதுவே போதுமாக இருக்கிறது.